பெல்ட்டை வேகவைத்துத் தின்ன முடியுமா? மூன்று தோல்கள், ஒரு கரிந்த பாத்திரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். கொட்டவில்லை. விரலால் தட்டினால் ஆடியது. ஆட்டுத் தோலை நாலு மணி நேரம் வேகவைத்து வடித்த தண்ணீர், நுங்கு மாதிரி உறைந்து நின்றது. மூன்று தடவை தோற்றபிறகு வந்த நுங்கு என்பதால் உட்கார்ந்து எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் அக்கா மகன். கல்லூரி மூன்றாம் வருஷம். நண்பர்களோடு ஜவ்வாது மலைப் பக்கம் பை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிற பழக்கம் உண்டு. மே மாத லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்: "மாமா, காட்டுல வழி தப்பிட்டா பெல்ட்டு, ஷூவையெல்லாம் வேகவெச்சுத் தின்னுட்டுப் பொழச்சுக்கலாமாம். நெஜமா?"

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். இப்போது வீட்டிலேயே கையால் தைத்து பர்ஸ், பெல்ட் செய்து கொடுக்கிறேன். தோலைப் பற்றி ஒருவன் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? "எந்தத் தோலைக் கேட்கிறாய்?" என்றேன். "தோலுன்னா தோலுதானே மாமா" என்றான். சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம். மொத்தம் பதினாறு நாள் ஆனது.

சாமான்கள் அதிகமில்லை. கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசு 350 ரூபாய், முள் மாதிரி குத்தி வெப்பம் பார்க்கிற தெர்மாமீட்டர் 280 ரூபாய், ஒரு அலுமினியப் பாத்திரம், கொல்லையில் மூன்று செங்கல் வைத்த அடுப்பு, சீமைக் கருவேல விறகு. கேஸ் அடுப்பில் செய்யக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். காட்டில் சிலிண்டர் ஏது. வீட்டுக்காரியும் சமையலறைக்குள் விட்டிருக்க மாட்டாள்.

பெல்ட்

முதல் பலி மருமகனுடைய கறுப்பு பெல்ட். 499 ரூபாய்க்கு வாங்கியது, பின்பக்கம் அசல் தோல் என்று ஆங்கிலத்தில் அச்சு குத்தியிருந்தது. நாலு சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். தோல் ஷாப்பில் இதற்கு பாய்லிங் டெஸ்ட் என்று பெயர். பெரிய டிரம்மில் சுழற்றி, குரோம் உப்பு ஏற்றிப் பதனிட்ட தோலிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கொதிதண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, வரைந்த கோட்டோடு ஒப்பிடுவார்கள். சுருங்காமல் இருந்தால் குரோம் முழுசாக ஏறிவிட்டது. சுருங்கினால் டிரம் இன்னும் ஓட வேண்டும். தினமும் பார்த்த சோதனைதான்.

இந்தத் துண்டு சுருங்கவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. பத்து நிமிஷத்தில் மூன்று அடுக்காகப் பிரிந்து மிதந்தது. மேலே பிளாஸ்டிக் படலம், நடுவில் அட்டை மாதிரி ஒன்று, கீழே தோல் தூளைப் பசை போட்டு ஒட்டிய தாள். அசல் தோலின் லட்சணம் அது. தண்ணீரில் பெயிண்ட் வாடை. ஒன்பது வருஷ அனுபவத்தில் நான் இதைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்திருக்க வேண்டும். வெட்டு முனையைக்கூடப் பார்க்காமல் போட்டது என் தப்பு. மருமகன் முகம் தொங்கிவிட்டது.

அடுத்ததாக என்னிடமிருந்த துண்டுகளில் குரோம் ஏறிய நல்ல பசுமாட்டுத் தோல் ஒன்றை எடுத்தேன். இரண்டு மில்லிமீட்டர் கனம். அதை மூன்று நிமிஷத்தில் எடுத்துப் பார்த்தோம்: கோடு மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. திரும்பப் போட்டு ஐந்து மணி நேரம் கொதிக்கவிட்டோம். விறகு தீர்ந்ததுதான் மிச்சம். ஓரம் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. மேல் சாயம் கொஞ்சம் உரிந்தது. கத்தியால் வெட்டினால் முன்பு இருந்த அதே இழுவை. பல்லில் கடித்துப் பார்க்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

குரோம் ஏறிய தோல் அப்படித்தான். தோலில் இருக்கிற நாரை குரோம் உப்பு கிடுக்கிப்பிடி போட்டுக் கட்டிவிடும். தோல் ஷாப்பில் அந்தக் கட்டத்தில் அது வெளிர்நீலமாக இருக்கும், வெட் ப்ளூ என்போம். நல்ல குரோம் தோலின் எடையில் நூற்றுக்கு மூன்று நாலு பங்கு குரோம் ஆக்சைடு. கொதிதண்ணீர் பிரிக்காத பிணைப்பை வயிறு எங்கே பிரிக்கப் போகிறது. விழுங்கினால் பெரும்பாலும் போன மாதிரியே வெளியே வரும். அதன் மேல் உள்ள சாயம், மெழுகு, பூசணம் பிடிக்காமல் இருக்கப் போட்ட மருந்து எல்லாம் வயிற்றில் தங்கிவிட்டுப் போகும்.

கொதிக்க வைத்து ஆகவில்லை, சுட்டுத் தின்றால் என்ன என்று அடுத்த கேள்வி. ஒரு நகக்கண் அளவுத் துண்டைக் காற்று வீசுகிற பக்கம் தள்ளி நின்று இடுக்கியில் பிடித்து எரித்தோம். முடி பொசுங்கிய நாற்றம். கடைசியில் பச்சை கலந்த சாம்பல். அந்தப் பச்சை குரோமிலிருந்து வருவது. எரிக்கும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமாக மாறும், அதுதான் விஷம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மேடு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நிலத்தடி நீர் மஞ்சளாகப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சாம்பலைத் தண்ணீர் தெளித்து அள்ளி, தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். குரோம் தோல் சோதனை அத்தோடு முடிந்தது.

மருமகன் விடவில்லை. 1821இல் வடகனடாவில் பட்டினியில் மாட்டிக்கொண்ட ஜான் ஃபிராங்க்ளினுக்கு, பூட்ஸைத் தின்ற மனிதர் என்றே பெயர் வந்ததே, அது எப்படி என்றான். வருஷத்தைப் பார் என்றேன். குரோம் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1884இல். இன்றைக்கு எல்லோரும் செய்கிற ஒரே தொட்டி முறை 1893இல். ஃபிராங்க்ளின் காலத்தில் குரோம் தோல் பூட்ஸ் பூமியிலேயே கிடையாது. அவர் காலில் இருந்தது வேறு சரக்கு.

பட்டைத் தோல்

அந்த வேறு சரக்கில் ஒரு வகை என்னிடம் இருந்தது. மரப்பட்டையில் பதனிட்ட எருமைத் தோல், செருப்பு அடிப்பாகத்துக்கு வாங்கிய துண்டு, மூன்றரை மில்லிமீட்டர். நம் ஊரில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிய அந்தத் தோலுக்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று லண்டன் சந்தையில் பெயர். பிறகு ஆவாரம்பட்டை போய், வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது.

அதே நாலு சென்டிமீட்டர் சதுரம். தெர்மாமீட்டரைப் பாத்திரத்தில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றினோம். 79 டிகிரி வரைக்கும் ஒன்றுமில்லை. 80ஐத் தொட்டதும் கண்ணெதிரே ஓரங்கள் சுருண்டு, துண்டு இறால் மாதிரி வளைந்தது. எடுத்து அளந்தால் 2.7 சென்டிமீட்டர். ஆறியதும் மாட்டுக் கொம்பு. தரையில் போட்டால் டக் என்று சத்தம் வந்தது. ஐரோப்பாவில் பழைய காலத்தில் தோலைச் சூடுதண்ணீரில் போட்டுக் கவசம் செய்தார்கள் என்பது ஏன் என்று அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

தண்ணீர் கடுக்காய் கஷாயம் போல கறுத்துவிட்டது. ஆறு தடவை தண்ணீர் மாற்றினேன். ஆறாவதும் கட்டன் சாயா நிறம். கொதித்து நாலாவது மணியில் வெட்டு முனைகள் மட்டும் கொஞ்சம் வழவழப்பானது. நடு அப்படியே கொம்பு. ஒரு துளி கஷாயத்தை நாக்கில் வைத்துத் துப்பினேன்: பச்சை வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது, அரை மணி நேரம் வாயில் எச்சிலே ஊறவில்லை. தோல் புரதத்தைப் பிடித்துக் கட்டுகிற அதே துவர்ப்புச் சத்துதான் நாக்கையும் கட்டியது. பட்டினி கிடக்கிற வயிற்றுக்குள் அது போனால் என்னாகும் என்று யோசித்து, அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். இத்தனைக்கும் இது மேலே எந்தப் பூச்சும் இல்லாத சுத்தமான தோல்.

வேறு வழியே இல்லாதவன் இதை வேண்டுமானால் பத்து தண்ணீர் மாற்றி, சீவிச் சீவி, நாள் முழுக்க வேகவைக்கலாம். நாங்கள் அந்தளவு பசியில் இல்லை.

பச்சைத் தோல்

மிச்சம் இருப்பது பதனிடாத தோல். இங்கே இன்னொரு தப்புப் பாதையில் போனேன். மிருதங்கம் மூட்டுகிற ஒருவரிடம் போய், எருமைத் தோல் வார் வெட்டிய மிச்சம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. "வேணாங்க. இது எந்த மாடு, எப்பச் செத்தது, யார் என்ன மருந்து தடவினாங்கன்னு எனக்கே தெரியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர் சொன்னது சரி. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டின் தோலில் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மேளத் தோலைச் சுரண்டிய இடத்தில் வெளிநாடுகளில் ஆட்களுக்கு நோய் வந்திருக்கிறது. சாதாரண அடுப்புக் கொதியில் அது நிச்சயமாகச் செத்துவிடும் என்று நம்பி இறங்க முடியாது.

அதனால் கறிக்கடைக்குப் போனேன். "பாய், வெள்ளாட்டுத் தோல் ஒண்ணு வேணும். இன்னிக்கு அறுத்ததா இருக்கணும்." அவர் மூலையில் கிடந்த குவியலைக் காட்டி, "எடுத்துட்டுப் போங்கண்ணே, இப்ப இதுக்கு யாரு விலை கொடுக்கறா" என்றார். முப்பது ரூபாய் கையில் திணித்துவிட்டு வந்தேன். ஒரு காலத்தில் தோல் காசு கறிக்கடைக்காரருக்கு லாபத்தில் பெரும்பங்கு. அது தனிக் கதை.

ஈரத்தோடு 1.8 கிலோ இருந்தது. உள்பக்கம் ஒட்டியிருந்த கொழுப்பையும் சவ்வையும் மழுங்கிய கத்தியால் ஒரு மணி நேரம் சுரண்டினோம். முடி எடுக்கச் சுண்ணாம்பில் போடுவதா, வாட்டுவதா என்று யோசனை. தோல் ஷாப் புத்தி சுண்ணாம்பு என்றது. ஆனால் சுண்ணாம்பில் போட்டதைத் தின்ன வேண்டுமானால் இரண்டு நாள் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். ஆட்டுத் தலையையும் காலையும் வாட்டுவது போலத் தீயில் வாட்டி, சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவினோம். இந்த யோசனை மருமகனுடையது. தெருவே மூக்கைப் பொத்தியது. பழைய கட்டில் சட்டத்தில் சணல் போட்டு இழுத்துக் கட்டி மொட்டை மாடியில் காயவைத்தோம். வேலூர் மாவட்டத்து மே வெயிலில் மூன்றே நாள். தட்டினால் பறை மாதிரி சத்தம். எடை 470 கிராம்.

நான் கவனித்த ஒன்று: காய்ந்த பிறகு இதற்கு வாடையே இல்லை. கத்தரிக்கோலுக்கு அசையவில்லை, தகரம் வெட்டுகிற கத்தரி வேண்டியிருந்தது.

கடல் தண்ணீர்

சமையல் குறிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, ஐந்நூறு வருஷம் பழசு. போர்ச்சுகீசியக் கடலோடி மெகல்லனின் கப்பல்கள் 1520 நவம்பர் 28 அன்று பசிபிக் கடலுக்குள் நுழைந்து, குவாம் தீவில் கரை தட்டியது 1521 மார்ச் 6. இடையில் சாப்பாடு தீர்ந்துபோனது. கூடப் போன இத்தாலியர் பிகாஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார்: பாய்மரக் குறுக்குக்கட்டையில் கயிறு தேயாமல் இருக்கச் சுற்றியிருந்த மாட்டுத் தோலை அவிழ்த்தார்கள். வெயிலிலும் மழையிலும் காற்றிலும் இறுகிப்போன தோல். நாலைந்து நாள் கடலில் ஊறப்போட்டு, கொஞ்ச நேரம் தணல் மேல் வைத்துத் தின்றார்கள்.

இதைவிடத் தெளிவான செய்முறை வேண்டுமா. லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு போட்டு பிளாஸ்டிக் பக்கெட்டில் கடல் தயாரித்தேன். 60 கிராம் தோல் போட்டேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் மருமகன் மாடிப்படி இறங்கிவிட்டான். மேலே நுரை, தோல் விரலில் ஒட்டியது. அழுகிவிட்டது.

பிகாஃபெட்டா கடலில் போட்டோம் என்கிறார். கப்பலோடு சேர்ந்து இழுபட்டுப் போகிற தோலுக்கு நொடிக்கு நொடி புதுத் தண்ணீர். என் பக்கெட்டில் 38 டிகிரி வெயிலில் நின்ற தண்ணீர். இரண்டாம் தடவை நிழலில் வைத்து, காலை மாலை இரண்டு வேளையும் உப்புத் தண்ணீரை மாற்றினேன். நாலு நாளில் 60 கிராம் 152 கிராமாகி, தொட்டால் மெத்தென்று இருந்தது. நாற்றம் லேசாகத்தான்.

கருவேலத் தணல் மேல் போட்டோம். போட்ட வேகத்தில் சுருண்டு பாதியானது. ஓரம் கருகி, சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்தது. அந்த இடம் மட்டும் மொறுமொறுப்பாக, தின்னும்படி இருந்தது. நடுப்பகுதி சைக்கிள் டியூப். ஒரு துண்டை ஏழு நிமிஷம் மென்றேன், கடிகாரம் பார்த்து. கடைசியில் முழுங்கத்தான் வேண்டியிருந்தது. உப்போ உப்பு. அதன்பிறகு நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மெகல்லனின் ஆட்களுக்கு இருந்தது மஞ்சளாகக் கெட்டுப்போன தண்ணீர்.

அவர்களுடையது மாட்டுத் தோல், என்னுடையதைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். வைட்டமின் சி இல்லாமல் வருகிற ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிய வாயோடு அதை எப்படி மென்றார்கள்?

அடுப்பு

வேகவைப்பதில் முதல் தடவை அவசரப்பட்டேன். ஊறவைக்காமல் 50 கிராம் துண்டுகளை நேரே கொதிதண்ணீரில் போட்டேன். வெளிப்பக்கம் பசையாக இளகி அடியில் ஒட்டியது, உள்பக்கம் பிளாஸ்டிக்காக நின்றது. நான் விறகு பொறுக்கப் போன நேரத்தில் அடி கருகிவிட்டது. 260 ரூபாய் அலுமினியப் பாத்திரம் தூக்கிப்போடும்படி ஆனது. தேங்காய் நார், சாம்பல், புளி, எதற்கும் அசையவில்லை.

இரண்டாவது தடவை 50 கிராமை ஒரு இரவும் பகலும் சாதாரணத் தண்ணீரில், நாலு தடவை மாற்றி ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினேன். ஊறிய தோலை வெட்டுவது சுலபம், சமையல் கத்தியே போதும். இரண்டு லிட்டர் தண்ணீர். 62 டிகிரியில் துண்டுகள் சட்டென்று சுருங்கித் தடித்தன. பட்டைத் தோல் 80இல் சுருங்கியதை இதோடு வைத்துப் பார்த்தேன். குரோம் தோல் 100இலும் அசையவில்லை. மூன்று தோலுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் தெர்மாமீட்டரில் தெரிந்துவிட்டது. பிறகு கொதி. அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே நாலு மணி நேரம். துண்டு விரலால் நசுக்கினால் நசுங்கியது. மீந்த தண்ணீர் 800 மில்லி, உதட்டில் பட்டால் உதடு ஒட்டுகிற பிசுபிசுப்பு.

1846 குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனியில் மாட்டிக்கொண்ட டோனர் கூட்டத்தார் (மேற்கே குடியேற வண்டி கட்டிக் கிளம்பியவர்கள்), குடிசைக் கூரையில் போட்டிருந்த மாட்டுத் தோலை இறக்கி, முடியைப் பொசுக்கி, வேகவைத்து, ஆறியதும் பசைபோல் உறைந்ததைத் தின்றார்கள். அந்த உறைந்ததைத்தான் நான் எதிர்பார்த்தேன். வடித்து டம்ளரில் ஊற்றி, இரவு முழுக்கச் சமையல் மேடையில் வைத்தேன். காலையில் தண்ணீராகவே இருந்தது.

நீர்த்துவிட்டது போல என்று மறுபடி அடுப்பில் வைத்து 400 மில்லியாக வற்றவிட்டேன். மறுநாள் காலையிலும் தண்ணீர்தான். இப்போது லேசாகக் கெட்ட வாடை வேறு. ஆட்டுத் தோலில் சத்து இல்லையோ, வாட்டியதில் போய்விட்டதோ என்று என்னென்னமோ நினைத்தேன். மூன்றாவது தடவைக்கு 100 கிராம் ஊறப்போட்டு, இன்னொரு நாலு மணி நேரம் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

டம்ளரை மேடையில் வைக்கப் போனபோது வீட்டுக்காரி கேட்டாள்: "ராத்திரியிலயே கிச்சன்ல வேர்த்துக் கொட்டுது, இதுல எது உறையும்? ஃபிரிட்ஜுலதான் வெச்சுத் தொலைங்களேன், மூடி போட்டு."

அவ்வளவுதான் விஷயம். சமையலறையில் இரவு பதினோரு மணிக்கு 34 டிகிரி. தோலிலிருந்து இறங்குகிற ஜெலட்டின் அந்தச் சூட்டில் உறையவே உறையாது. எங்கள் ஊரில் நோன்பு நேரத்தில் வீடு வீடாகச் செய்கிற கடல்பாசி வெளியில் வைத்தாலே உறைந்துவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் ஏமாந்தேன். கடல்பாசி செடிச் சரக்கு, இது மாமிசச் சரக்கு, இதற்குக் குளிர் வேண்டும். டோனர் கூட்டத்துக்குச் சுற்றிலும் ஆளுயரப் பனி. நான் ஒரு வாரமாக வேலூர் வெயிலோடு சண்டை போட்டிருக்கிறேன்.

காலையில் உறைந்த கதைதான் முதலில் சொன்னது. கலங்கல் மஞ்சள், மேலே மெல்லிய கொழுப்பு ஏடு. உப்பு, மிளகு எதுவும் போடாமல் ஆளுக்கு இரண்டு ஸ்பூன் தின்றோம். சுவை என்று சொல்ல எதுவுமில்லை. ஆட்டுக்கால் சூப்பிலிருந்து கால், மசாலா, வாசனை மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது. வெந்த துண்டுகள் பரவாயில்லை. குழைந்துபோன கொழுக்கட்டை மாதிரி. மிளகுத் தூளும் உப்பும் போட்டதும் மருமகன் ஒரு கிண்ணம் தின்றான். அடுத்த நாள் வயிறு கொஞ்சம் மந்தம் என்றான், அவ்வளவுதான்.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நைஜீரியாவில் மாட்டுத் தோலை வாட்டி வேகவைத்துப் பொன்மோ என்று தினமும் குழம்பில் போடுகிறார்கள். இந்தோனேசியாவில் தோலை வேகவைத்துக் காயவைத்து அப்பளம் போலப் பொரிக்கிறார்கள். பதனிடாத வரைக்கும் தோல் கறியின் ஒரு பகுதி.

கணக்கு

மருமகன் நோட்டில் எழுதிய கணக்கு இது. 100 கிராம் காய்ந்த தோலில் ஈரம் போக ஏறக்குறைய 85 கிராம் புரதம் என்று வைத்தால் 340 கலோரி. இதற்குச் செலவான விறகு ஐந்தரை கிலோ. தண்ணீர், ஊறவைத்து மாற்றியதும் கொதிக்க வைத்ததும் சேர்த்து ஒன்பது லிட்டர். ஊறல் ஒரு நாள், அடுப்பு நாலு மணி நேரம். அதே 340 கலோரி அறுபது கிராம் வேர்க்கடலையில் இருக்கிறது, இரண்டு கைப்பிடி. ஒரு ஆள் ஒரு நாள் தள்ள அரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த தோல் வேண்டும், அதாவது ஒரு முழு வெள்ளாட்டுத் தோலுக்கும் மேலே.

அந்த 85 கிராமும் முழுப் புரதம் இல்லை. ஜெலட்டினில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடையவே கிடையாது. அதை மட்டும் தின்று உடம்பு ஓடாது, சும்மா சில நாள் எரிபொருள். இன்னொரு சிக்கல் தண்ணீர். புரதம் எரிந்து மிஞ்சுகிற கழிவைச் சிறுநீரில் கழிக்க உடம்புக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் தோலைத் தின்றால் இருக்கிற தண்ணீரும் போகும். இரண்டு மூன்று நாளில் ஆள் வந்து தேடிவிடுகிற மலையில், வழி தப்பியவன் விறகு பொறுக்கி அடுப்பு மூட்டித் தோல் வேகவைப்பது வீண் வேலை. தண்ணீர்ப் பக்கமாக, கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். வாரக்கணக்கில் பனியிலோ கடலிலோ முற்றுகையிலோ மாட்டிக்கொண்டவர்களுடைய சாப்பாடு இது, அதுவும் பச்சைத் தோல் கையில் இருந்தவர்களுக்கு. மருமகன் இடுப்பிலும் காலிலும் தேடினோம். பெல்ட் அட்டை, ஷூ ரப்பரும் துணியும், பர்ஸ் ரெக்சின். அவன் உடம்பில் தின்னக்கூடிய தோல் அவனுடைய சொந்தத் தோல்தான்.

மொத்தச் செலவு 1,340 ரூபாய். தராசு, தெர்மாமீட்டர், தோல், இருபது ரூபாய் உப்பு, செத்த பாத்திரம் போக, கடைசியில் 400 ரூபாய்க்கு வாங்கிய பழைய குக்கரும் அதில் சேர்த்தி. குக்கரில் 50 கிராம் போட்டுப் பார்த்தேன்: ஐம்பது நிமிஷத்தில் நாலு மணி நேர வேக்காடு. காட்டுக்கு யாரும் குக்கர் கொண்டு போக மாட்டார்கள் என்பது வேறு.

திரும்பச் செய்தால் மாற்ற வேண்டியவை உண்டு. காயவைக்கும் முன்பே ஈரத்தில் நூல் நூலாக வெட்டிவிட வேண்டும். சதுரத் துண்டைவிட நூல் சீக்கிரம் வேகும் என்று தோன்றுகிறது. எருமைத் தோல், புதிதாக அறுத்ததாகக் கிடைத்தால், மெகல்லன் கணக்குக்குச் சரியாக இருக்கும். மார்கழியில் செய்ய வேண்டும். மீதமிருக்கிற 100 கிராமை இந்தோனேசியா முறையில் வேகவைத்து, திரும்பக் காயவைத்து, எண்ணெயில் பொரித்துப் பார்க்க ஆசை.

குக்கரில் வந்த தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி இழுக்கிற பதத்துக்கு வற்றவைத்தேன். வாசனை வந்ததுமே தெரிந்துவிட்டது: சின்ன வயதில் எங்கள் தெரு ஆசாரி வீட்டில், தண்ணீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து உருக்குவாரே, மரம் ஒட்டுகிற அதே வஜ்ரப் பசை. 1941-42 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை சுற்றி வளைத்த ரஷ்ய நகரம் லெனின்கிராடில் தச்சர் வஜ்ரத்தைக் கரைத்து உறையவைத்துத் தின்றார்கள் என்பதை நான் எப்போதோ படித்திருந்தேன். இப்போது கரண்டியில் இருந்தது அதுதான். சூடு ஆறும் முன்னே, ஆடிக்கொண்டிருந்த முக்காலியின் காலில் தடவி, சணலால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டேன். இரண்டு வாரம் ஆகிறது, ஆட்டமில்லை. மழைக்காலத்தில் ஈரம் பட்டு விட்டுக்கொள்ளலாம். அடுப்புக்கு முன்னால் உட்கார நல்ல உயரம்.